மைக்கில் வராத பெயர்

நேற்று மாலை தொலைக்காட்சியில் உங்கள் குரல் மறுபடி கேட்டது. நீங்கள் காலமாகிவிட்டீர்கள் என்று சொல்லி, உங்கள் பழைய வர்ணனைகளை வரிசையாகப் போட்டார்கள். அரை நூற்றாண்டாக ஒலித்த விளையாட்டுக் குரலாம். செத்தவரைப் பற்றி நல்லதாகத்தான் பேச வேண்டும் என்பார்கள். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. அதனால் உங்களிடமே சொல்லிவிடுகிறேன்.

நெய்வேலியில் வீடுகளே முழுதாக எழும்பாத காலம். நீங்கள் அப்போது சுரங்க ஆபீசில் குமாஸ்தா. சடுகுடுப் போட்டி என்றால் கழுத்தில் பவுடர் திட்டுத் திட்டாகத் தெரிய மைக்கைப் பிடித்துவிடுவீர்கள். பந்தலுக்குள் பெரிய ஆபீசர்கள் காபியும் பேச்சுமாக இருப்பார்கள். அவர்கள் ஆட்டம் பார்த்ததெல்லாம் காதால்தான். நீங்கள் பெயர் சொன்னவன் ஆடினான், சொல்லாதவன் ஆடவில்லை. பெர்மனென்ட் ஆட்களை இனிஷியலோடும் டிபார்ட்மென்டோடும் சொல்வீர்கள். மற்றவர்களுக்கெல்லாம் சேர்த்து ஒரே பெயர் வைத்திருந்தீர்கள்: காண்ட்ராக்ட் ஆள்.

என் வீட்டுக்காரரும் மைன்ஸில் காண்ட்ராக்ட் ஆள்தான். மந்தாரக்குப்பத்தில் வாடகைக் குடிசை, என் வயிற்றில் முதல் பிள்ளை. நாளைக்கு வராதே என்று மேஸ்திரி சொன்னால் அன்றோடு பிழைப்பு முடிந்தது. நன்றாக ஆடுகிறவர்களை பெர்மனென்ட் ஆக்குகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. கடைசிப் போட்டியன்று காலையில் அவர் உங்களிடம் வந்து நின்றார். நானும் பின்னால் நின்றேன்.

"சார், எம்பேரு கலியபெருமாளுங்க. ஒரு தபா மைக்ல சொன்னீங்கன்னா ஆபீசருங்க காதுல வுழுவுங்க."

"மைக் என்ன அர்ச்சனைத் தட்டா, பேரும் நட்சத்திரமும் சொல்றதுக்கு?" என்றீர்கள். பக்கத்திலிருந்தவர்கள் சிரித்ததும் உங்களுக்கு மனசு குளிர்ந்துபோயிற்று.

அன்று கடைசியாகச் சடுகுடு பாடிப் போனவர் அவர்தான். மூன்று பேரைத் தொட்டு, காலில் இரண்டு பேர் தொங்க, கோட்டை எட்டிப் பிடித்து ஜெயித்தார். உங்கள் வர்ணனை முழுக்க அந்தக் காலைப் பிடித்த இருவரில் ஒருவருக்கு. பாய்லர் பிரிவு கே. சுந்தரராஜன் அவர்கள் என்னமாய்ப் பாய்ந்தார், கை எப்படி வழுக்கியது என்று அளந்துகொண்டே போனீர்கள். ஜெயித்தவர் காண்ட்ராக்ட் ஆள்.

கட்டின புருஷன் பெயரைப் பெண்டாட்டி வாயால் சொல்லக் கூடாது என்று வளர்ந்தவள் நான். ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்பவளைச் சொல்லச் சொல்வேன். எப்படி எழுந்தேனோ, கயிற்றைத் தாண்டி வந்து உங்கள் கையிலிருந்த மைக்குக்கு நேராகச் சொன்னேன்.

"ஆடுனவரு பேரு கலியபெருமாள்."

நீங்கள் மைக்கை வெடுக்கென்று இழுத்துக்கொண்டீர்கள். "தாய்மார்களே, புருஷன் பெயரைச் சொல்லிவிட்டார்கள். இன்று மழை நிச்சயம்" என்றீர்கள். மைதானமே சிரித்தது. பந்தலிலும் சிரித்தார்கள். சிரித்து ஓய்ந்த ஓர் ஆபீசர், "யாருய்யா அந்த கலியபெருமாள், கூப்பிடு" என்றார். அப்படித்தான் பெர்மனென்ட் வேலை வந்தது.

பிறகு நீங்கள் ரேடியோவுக்குப் போனீர்கள், தொலைக்காட்சிக்கும் போனீர்கள். ஒவ்வொரு பேட்டியிலும், ஓர் ஏழைத் தொழிலாளிக்கு என் மைக்கால் வேலை கிடைத்தது என்று கண்ணைத் துடைத்துக்கொள்வீர்கள். அவர் பெயர் என்ன என்று ஒருமுறை பேட்டி எடுத்தவர் கேட்டார். "அது எதுக்குத் தம்பி" என்றீர்கள். கூத்தாடிகூட வேஷம் கலைத்தபின் நடிக்க மாட்டான்.

உங்கள் கேலிக்குப் பிறகு வீம்புக்காகவே நான் என் வீட்டுக்காரரைப் பேர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தேன். மாமியார் வெகுநாள் என்னோடு பேசவில்லை. அவர் மட்டும் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. மைன்ஸ் மிஷின் சத்தத்தில் இப்போது அவருக்குக் காது போய்விட்டது. நான் கூப்பிட்டால் மட்டும் திரும்பிவிடுகிறார்.

நேற்றும் உங்கள் படத்தைப் பார்த்துவிட்டு, "யாரு செத்தது?" என்று கேட்டார்.

"மைக் ஆள் ஒருத்தரு" என்று சொல்லி டிவியை நிறுத்தினேன். "கலியபெருமாளு, சோறு ஆறிக்கினு கெடக்குது, வாங்க."

திரும்பிப் பார்த்து, எழுந்து வந்தார்.