வெள்ளை என்றால் முடிந்தது

இயேசு மரி சூசை

சாந்தோம்
7 ஜூலை 2024

அன்புள்ள கரோலுக்கு,

முதலில் ஒன்றைத் திருத்த வேண்டும். நான் உன்னை வீட்டுக்கு வராதே என்று சொன்னதாகக் கோயிலில் பேசிக்கொள்கிறார்கள். இன்று பூசை முடிந்து வெளியே வந்தால், வாசலில் மெழுகுவர்த்தி விற்கும் கோமளம் பிடித்துக்கொண்டாள். "இன்னா டீச்சரம்மா, பொண்ணு பூட்டை ஒடைச்சி அய்யாவோட பொட்டியத் தூக்கிக்கினு போயிடுச்சாமே? இனிமே இந்தப் பக்கம் வராதேன்னுட்டீங்களாமே?" பூட்டு உடையவில்லை, அவளிடமும் ஒரு சாவி உண்டு என்று சொன்னேன். இரண்டாவது கேள்விக்கு மெழுகுவர்த்தி வாங்கினேன்.

நான் சொன்னது இவ்வளவுதான்: டாடியின் கேமரா அவருடைய வருடப் பூசை வரை அலமாரியில் இருக்கட்டும். நீ காத்திருக்கவில்லை. நான் கண் டாக்டரிடம் போயிருந்த நேரத்தில் வந்து எடுத்துக்கொண்டு, சாப்பாட்டு மேசையில் சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போனாய். "டாடி எனக்குத் தருவதாகச் சொன்னார்." சொன்னார். எப்போது என்று சொல்லவில்லை.

கல்லறையில் வைக்க உன் அப்பாவுக்கு ஒரு நல்ல படம்கூட இல்லை என்பது உனக்குத் தெரியும். ஊரில் எல்லோரையும் படம் எடுத்தவர், தான் ஒருமுறையும் கேமராவுக்கு முன்னால் வந்து நிற்கவில்லை. பென்ஷன் அடையாள அட்டையில் இருந்த படத்தை தி. நகர் கடையில் பெரிதாக்கிக் கொடுத்தார்கள். கம்ப்யூட்டரில் ஒரு டையும் கட்டிவிட்டார்கள். வாழ்நாளில் டை கட்டாத மனிதர். ஒவ்வொரு ஞாயிறும் அந்தச் சிவப்பு டையின் முன்னால்தான் ஜெபமாலை சொல்கிறேன்.

கேமராவைக் கொண்டு வா. பெட்டியில் உள்ள எதையும் தொடாதே. காரணத்தை நேரில் சொல்வேன். தொலைபேசியில் கூப்பிடாதே. எனக்குச் சரியாகக் கேட்பதில்லை, கேட்டதாகத் தலையாட்டவும் பிடிக்கவில்லை. கேமரா வீட்டுக்குள் வரும்வரை உன்னிடமிருந்து கடிதம் வந்தாலும் பிரிக்க மாட்டேன்.

அம்மா,
அல்போன்சா ஆம்ப்ரோஸ்


அடையாறு
14.7.24

அன்புள்ள மம்மிக்கு,

பிரிக்க மாட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். என் ரிப்போர்ட் கார்டு வந்தபோதும் அப்படித்தான் சொன்னீர்கள். சொல்லிவிட்டு, குளியலறைக்குள் கொண்டுபோய்ப் பிரித்துப் பார்த்து, மறுபடி ஒட்டி வைத்தீர்கள். அதனால் தைரியமாக எழுதுகிறேன்.

எடுத்தது தப்பு. மன்னியுங்கள். ஆனால் அந்த அலமாரியில் அது செத்துக்கொண்டிருந்தது, மம்மி. கடல் காற்றில் பித்தளை பச்சை பிடித்துவிட்டது. நடுவில் மடிந்து விரியும் தோல் துருத்தியின் ஒவ்வொரு மடிப்பிலும் ஓட்டை. உள்ளே தலையை விட்டுப் பார்த்தால் நட்சத்திரம் மாதிரி வெளிச்சப் புள்ளிகள் தெரிகின்றன. பின்பக்கக் கண்ணாடி மூலையில் கீறல். இன்னொரு மழைக்காலம் தாங்காது.

தி. நகரில் தோல்பை தைக்கும் ஜஹீதாவிடம் புதுத் துருத்தி தைக்கக் கொடுத்தேன். பள்ளியில் என்னோடு படித்தவள், வீட்டுக்கு வந்து உங்கள் ரோஸ் குக்கியை எல்லாம் தின்று தீர்ப்பாளே, அவள்தான். "ஏய், இது பையே இல்லடி, அக்கார்டியன்! உங்க மம்மிக்குத் தெரிஞ்சா என்னையும் சேத்து முட்டிபோட வைப்பாங்க" என்று திட்டிக்கொண்டே தைத்துக் கொடுத்தாள். நானும் உங்கள் மருமகன் ஆஸ்வினும் மரத்தைத் துடைத்து எண்ணெய் பூசினோம். தேக்கின் நிறம் திரும்பிவிட்டது.

இன்னும் ஒரு வேலை இருக்கிறது. டாடியின் கேமரா அளவுக்கு இப்போது ஃபிலிம் வருவதில்லை. இன்றைக்குக் கிடைக்கும் அளவுக்குத் தகுந்தபடி பின்பக்கத்தை அறுத்து மாற்ற வேண்டும். அறுப்பதற்கு முன்னால் ஃபிலிம் போட்டுச் செருகும் பழைய ஹோல்டர் ஒன்றை வைத்து ஒரே ஒரு படம் எடுத்துப் பார்த்தால்தான், எவ்வளவு தூரத்தில் படம் தெளிவாக விழுகிறது என்று எனக்குத் தெரியும்.

பெட்டியில் ஹோல்டர்கள் எல்லாம் காலி. ஒன்றில் மட்டும் ஃபிலிம் இருக்கிறது. அதை மூடியிருக்கும் தகட்டின் வெள்ளைப் பக்கம் வெளியே இருக்கிறது. வெள்ளை என்றால் இன்னும் எடுக்காத ஃபிலிம், கறுப்பு என்றால் எடுத்து முடித்தது. உலகம் முழுக்க இதுதான் வழக்கம். அடுத்த படத்துக்காக டாடி போட்டு வைத்திருக்க வேண்டும். அதை நான் எடுத்துக்கொள்ளட்டுமா? வேண்டாம் என்றால் ஒரு வரி எழுதுங்கள், போதும். ஒரு மாதம் பார்க்கிறேன். வரி வராவிட்டால் உங்களுக்குச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வேன்.

எல்லாம் முடிந்ததும் முதல் படம் உங்களுடையதுதான். அந்த நீலப் புடவை, வாசல் நாற்காலி. மறுக்கக் கூடாது.

அன்புடன்,
கரோல்


அடையாறு
17.8.24

அன்புள்ள மம்மிக்கு,

உங்களிடமிருந்து வரி வரவில்லை. நேற்று எடுத்துப் பார்த்தேன். எதிர் வீட்டுச் சுவரில் செய்தித்தாளின் ஒரு பக்கத்தை ஒட்டி, அதை எடுத்தேன். சின்ன எழுத்து தெளிவாக விழுகிறதா என்று பார்ப்பதற்காக. ஆடித் தள்ளுபடி விளம்பரங்கள், பக்கம் முழுக்க. ராத்திரியே கழுவினேன்.

எழுத்து தெளிவாக இருக்கிறது. ஆனால் ஃபிலிமில் வேறு ஏதோ இருக்கிறது. தாளில் வெள்ளையாக இருந்த இடமெல்லாம் ஒளி அப்பிக்கொண்டது. கறுப்பு மை இருந்த இடங்களில் மட்டும், எழுத்துகளின் வடிவத்துக்குள், ஒரு ஆள் துண்டு துண்டாகத் தெரிகிறார். ஒரு முழங்கால், ஒரு சட்டைப் பை, பையில் பேனா. நகைக்கடை விளம்பரத்தின் கறுப்புக் கட்டத்துக்குள் ஒரு கை, நாற்காலிப் பிடியில்.

இது நம் வீட்டு வாசல் நாற்காலி. கை டாடியின் கை மாதிரி இருக்கிறது. அது எப்படி, மம்மி? டாடி கேமராவுக்கு முன்னால் என்றால், பின்னால் யார்? இந்த முறையாவது எழுதுங்கள்.

கரோல்


இயேசு மரி சூசை

சாந்தோம்
18 ஆகஸ்டு 2024

அன்புள்ள கரோலுக்கு,

வருடப் பூசைக்குச் சொல்லிவிட்டேன். செப்டம்பர் 15, ஞாயிறு காலை ஆறு மணி. பாடல் குழு கிடைத்துவிட்டது. பூவுக்குச் சொல்ல வேண்டும்.

உன் கடிதம் போன மாதம் வந்தது. திரு இருதயப் படத்தின் பின்னால் வைத்திருக்கிறேன். சொன்னது சொன்னதுதான், பிரிக்கவில்லை. ஆனால் நீ வர நாளாகிறது. நேரில் சொல்ல வைத்திருந்ததை இப்போது எழுதிவிடுகிறேன்.

பெட்டியில் ஒரு ஹோல்டர் வெள்ளைப் பக்கம் வெளியே தெரிய இருக்கும். அதைத் திறக்காமல் கொண்டு வா. மற்றவர்களுக்கு வெள்ளை என்றால் புதியது. நம் வீட்டில் அப்படி இல்லை. எங்களுக்குக் கல்யாணமான புதிதில், கோயிலில் புது நன்மை வாங்கிய பிள்ளைகளை டாடி ஒரே ஃபிலிமில் இருமுறை எடுத்துவிட்டார். ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு தலை. கன்னியர் மடத்தில் மதர் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். அன்றிலிருந்து ஃபிலிம் போடுவதும் தகடு மூடுவதும் என் வேலை ஆயிற்று. விதியும் நான் வைத்ததுதான். கரும்பலகை கறுப்பாக இருந்தால் இன்னும் எழுதவில்லை. வெள்ளை விழுந்துவிட்டால் எழுதியாயிற்று. டாடி சிரித்தார், ஆனால் கடைசிவரை அதைத்தான் கடைப்பிடித்தார்.

அந்த ஹோல்டரில் டாடி இருக்கிறார். நான் எடுத்தேன்.

அவர் போவதற்கு முந்தின ஞாயிறு. வாசலில் நல்ல வெளிச்சம். எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டு, திடீரென்று போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். "அல்போன்ஸ், இன்னைக்கு நீ எடு" என்றார். எனக்குத் தெரியாது என்றேன். "இத்தன வருஷம் கிளாஸ்ல நின்னு அசையாத, அசையாதன்னு கத்தினவதானே? என்னச் சொல்லு, அசையாம இருக்கேன்." எழுந்து வந்து, அழுத்தினால் படம் விழும் கேபிளை என் கையில் கொடுத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார். அழுத்திவிட்டேன். "ஐயோ, கண்ண மூடிட்டேனோ?" என்றார். எனக்குத் தெரியவில்லை, நான் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "சரி விடு, கழுவும்போது பாத்துக்கலாம்" என்றார். புதன்கிழமை ஆஸ்பத்திரி. வெள்ளிக்கிழமை எல்லாம் முடிந்தது.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. படம் விழாமல் போயிருந்தால் என்ன செய்வது என்று பயம். விழுந்திருந்தால் வருடப் பூசையன்று நீயும் நானும் சேர்ந்து பார்க்க வேண்டும் என்று ஆசை. இரண்டில் எது பெரியது என்று எனக்கே தெரியாது. நீ கழுவு. நான் பக்கத்தில் நிற்கிறேன். அதற்குப் பிறகு கேமரா உன்னுடையது, என்ன வேண்டுமானாலும் செய்துகொள்.

அந்த டையைக் கல்லறையிலிருந்து எடுத்துவிடலாம்.

அம்மா,
அல்போன்சா


அடையாறு
24.8.24

மம்மிக்கு,

உங்கள் கடிதமும் என் கடிதமும் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. என்னுடையதையும் படத்தின் பின்னால் வைத்திருப்பீர்கள்.

நான் கேட்டேன், மம்மி. அதே ஹோல்டரைப் பற்றித்தான் கேட்டேன். ஒரு மாதம் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆஸ்வின்கூடச் சொன்னார், "ஒருதடவ நேர்ல போய்க் கேட்டுட்டு வாயேன், பத்து நிமிஷம்தானே" என்று. நீங்கள் எழுதட்டும் என்று இருந்துவிட்டேன். உங்கள் பெண்தானே நான்.

எதைச் செய்தேன் என்பது அந்த இரண்டு கடிதங்களிலும் இருக்கிறது. மறுபடி எழுத என்னால் முடியவில்லை.

கேமராவை ஆஸ்வினிடம் கொடுத்தனுப்புகிறேன். பின்பக்கத்தை அறுக்கவில்லை. இனி அறுக்கப் போவதும் இல்லை. நெகட்டிவ் தனியாக உறையில் இருக்கிறது. பிரிண்ட் போட மனம் வரவில்லை.

பூசைக்கு நான் வரவில்லை. அந்த டைக்கு முன்னால் உங்கள் பக்கத்தில் என்னால் நிற்க முடியாது. கல்லறைக்கு வேறொரு நாள் தனியாகப் போய்க்கொள்கிறேன்.

கரோல்


இயேசு மரி சூசை

சாந்தோம்
1 செப்டம்பர் 2024

அன்புள்ள கரோலுக்கு,

ஆஸ்வின் வந்தார். காபி குடித்தார். பெட்டியை அலமாரியிலேயே தூக்கி வைத்துக் கொடுத்தார். அவர் போன பிறகு உன் கடிதங்கள் மூன்றையும் தேதி வரிசைப்படி பிரித்துப் படித்தேன்.

துருத்தி நன்றாக வந்திருக்கிறது. தையல் ஓரிடத்திலும் கோணவில்லை என்று ஜஹீதாவிடம் சொல். முட்டி போட வேண்டியதில்லை என்றும் சொல். மரத்தை இவ்வளவு பளபளப்பாக நான் பார்த்தது எங்களுக்குக் கல்யாணமான வருடம்தான்.

நெகட்டிவைக் காலையில் ஜன்னலில் வைத்துப் பார்த்தேன். நெகட்டிவில் எல்லாம் மாறித் தெரியும் என்பது எனக்குப் பழக்கம்தான். ஆனாலும் அவருடைய நரைத்த தலை கறுகறுவென்று இருப்பதைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டேன். பெரிய எழுத்து ஒன்றின் வளைவுக்குள் முடி, இன்னொன்றுக்குள் காது. கழுத்துப் பித்தான் தெரிகிறது. டை இல்லை. நான் எடுத்த படம் விழுந்திருக்கிறது, கரோல். விரலைப் பார்த்துக்கொண்டே அழுத்தியும் விழுந்திருக்கிறது.

கண் இருக்க வேண்டிய இடத்தில் தடித்த எழுத்தில் ஒரு வரி போகிறது. அந்த வரிக்குள் கண் இருக்கிறது. அவர் மூடிவிட்டாரா, திறந்திருந்தாரா என்று நான் காலையிலிருந்து பார்க்கிறேன். என் கண்ணில் புரை. பூதக்கண்ணாடி வைத்தும் தெரியவில்லை. வேறு யாரிடமும் காட்டிக் கேட்க எனக்கு மனமில்லை. நீ விளக்குப் பெட்டியில் வைத்துப் பார்த்திருப்பாய். உனக்குத் தெரிந்திருக்கும்.

பூசைக்கு வரச் சொல்லி இதை எழுதவில்லை. அது உன் விருப்பம். நீலப் புடவையை இஸ்திரிக்குக் கொடுத்திருக்கிறேன், அது பூசைக்கு.

டாடியின் கண் திறந்திருந்ததா என்று மட்டும் சொல். எதுவாக இருந்தாலும் உள்ளதை உள்ளபடி சொல். கடிதமாகவே பதில் எழுது. வந்த உடனே பிரித்துவிடுவேன்.

அம்மா,
அல்போன்சா