உறைக்கிறவரை ஒத்தடம்

கொல்லங்கோடு
5-6-1958

சிரஞ்சீவி அம்பி யக்ஞநாராயணனுக்கு, உன் அக்கா பர்வதம் நூறு வயது வாழ வாழ்த்தி எழுதுவது.

முதலில் நல்ல சேதி. பேரன் முத்துசுவாமி பி.எஸ்ஸி.யில் முதல் கிளாஸ். கணக்கில் அவனுக்கு மேலே ஒருத்தன்தான், அவனும் வாத்தியார் பிள்ளை. ஞானம் எஸ்.எஸ்.எல்.சி.யில் ஸ்கூலுக்கே முதல். ஹெட்மிஸ்டிரஸ் நம் வாசல்வரை வந்து சொல்லிவிட்டுப் போனாள். சின்னவள் திரிபுரசுந்தரி கோவிலில் பாடி வெள்ளி டம்ளர் வாங்கினாள். இரண்டு நாளாக மோர்கூட அதில்தான் குடிக்கிறாள். ஐந்தாம் கிளாஸோடு நின்ற இந்தப் பர்வதத்தின் பேரக்குழந்தைகள், கேட்டாயா!

இனி என் வழக்கு. பத்து நாளுக்கொரு தரம் எழுதுகிறவன் ஒரு மாதமாய் ஏன் எழுதவில்லை? போடிமெட்டு எஸ்டேட் ஹெட் கிளார்க்குக்கு ஒரு கார்டு எழுத நேரமில்லையோ? உன் ஆத்துக்காரி போனபின் தனியாகப் பொங்கித் தின்கிறாய். அதனால்தான் தேயிலை லாரிக்காரன் சின்னமுத்துவிடம் மாதாமாதம் நெய் டின் கொடுத்தனுப்புகிறேன். கிடைத்ததா?

உன் அக்கா,
பர்வதம்

போடிமெட்டு
13-6-1958

அக்காவுக்கு யக்ஞநாராயணனின் நமஸ்காரம்.

மூன்று குழந்தைகளுக்கும் என் ஆசீர்வாதம். நெய் வந்தது. ஆனால் அதை ஃபாக்டரிப் பையன்கள்தான் சாப்பிடுகிறார்கள். கோபிக்காதே, முழுக்கப் படி.

இடது கெண்டைக்கால் ஆறு மாதமாகப் பிடித்துக்கொள்கிறது. குவார்ட்டர்ஸிலிருந்து ஆபீசுக்கு நூறடி ஏறினால் கால் கட்டை மாதிரி ஆகிவிடும். இரண்டு நிமிஷம் நின்றால் விட்டுவிடும். மறுபடி நூறடி. கூலிக்காரப் பெண்கள் என்னைத் தாண்டிப் போகும்போது வானிலை பார்ப்பதுபோல நிற்கிறேன்.

எஸ்டேட் டாக்டர் பாதத்தில் விரலை வைத்து நாடி தேடினார். கிடைக்கவில்லை. ரத்தக்குழாய் உள்ளே தடித்து இறுகிவிட்டதாம். நம் ஃபாக்டரி பாய்லர் குழாயில் உப்புப் படிந்து ஓட்டை சிறுத்துப்போகிற மாதிரி என்று விளக்கினார். காலில் இப்படி என்றால் இதயத்திலும் இருக்கலாமாம். நெய், எண்ணெய் குறைக்கவேண்டும். வலி வரும்வரை நடந்து, நின்று, மறுபடி நடக்கவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, சிகரெட்டை விடவேண்டும். அக்கா, பதினெட்டு வருஷமாக உன்னிடம் மறைத்தேன். மன்னித்துக்கொள்.

கவனிக்காவிட்டால் காலையே எடுக்க வேண்டிவரும் என்றார். பயமாகத்தான் இருக்கிறது.

யக்ஞநாராயணன்

கொல்லங்கோடு
21-6-1958

அம்பிக்கு அக்காவின் ஆசீர்வாதம்.

சிகரெட் பிடிப்பது எனக்குத் தெரியாதென்று நினைத்தாயோ? லீவில் வந்தால் உன் சட்டையைத் தோய்க்கிறவள் யார்? இன்றே விடு.

டாக்டர் சொன்னதை நாலு தரம் படித்தேன். எனக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. உள்ளே கொழுப்புக் கட்டிக்கொண்டிருக்கிறது. அந்த மலைக் குளிரில் கட்டாமல் என்ன செய்யும்? மார்கழியில் நெய் கட்டிப்போனால் ஜாடியைக் கனலோரம் வைக்கிறோம், இளகிவிடுகிறது. இதற்கு டாக்டர் வேண்டாம்.

கல்லுப்பை வாணலியில் வெடிக்க வறுத்துத் துணியில் கட்டு. பாதத்திலிருந்து கெண்டைவரை ஒத்தடம் கொடு. காலில் சுரீரென்று உறைக்கிறவரை வைத்திரு; பாதியில் எடுத்தால் பலன் இல்லை. அப்பாவுக்கு முழங்கால் வலி வந்தபோது நான்தான் கொடுத்தேன், உனக்கு நினைவிருக்கும். துணியும் உப்பும் சின்னமுத்துவிடம் அனுப்பியிருக்கிறேன். அங்கே உப்பு ஈரமாய்த்தான் கிடைக்கும்.

நடக்கச் சொல்கிறாரே, வலிக்கிற காலோடு யாராவது நடப்பார்களா? படுத்து ரெஸ்ட் எடு. அக்கா சொல்லைத் தட்டாதே.

பர்வதம்

போடிமெட்டு
20-7-1958

அக்காவுக்கு நமஸ்காரம்.

பதில் தாமதித்ததற்குக் கோபம் வேண்டாம். உன் ஒத்தடம் கொடுத்தேன். இதமாக இருந்தது. செருப்புக் கடித்துக் காலில் சின்னப் புண், அதனால் எஸ்டேட் ஆசுபத்திரியில் சில நாள் இருக்கச் சொன்னார்கள். கட்டிலில் வைத்து எழுதுவதால் எழுத்துக் கோணல். நர்ஸ் அன்னமேரி நன்றாகக் கவனிக்கிறாள். மழை பலம், ரோட்டில் மண் சரிந்திருக்கிறது, நீ புறப்பட்டு வராதே.

ஞானத்தைக் காலேஜில் சேர்த்தாயா?

யக்ஞநாராயணன்

கொல்லங்கோடு
12-8-1958

என் அம்பிக்கு,

சின்னமுத்து நேற்று வந்தான். உன் புண் ஆறிவிட்டதா என்று கேட்டேன். வாசலில் நின்றுகொண்டு துண்டைத் துண்டை முறுக்கினான். பிறகு சொல்லிவிட்டான்.

"தாயி, செருப்புப் புண்ணு இல்ல. உப்பு மூட்டைச் சூட்டுல கால் வெந்துருச்சு. ஐயருக்கு வெந்ததே தெரியல. காலையில கொப்புளத்தப் பாத்துத்தான் தெரிஞ்சுருக்கு. ரெண்டு வெரல எடுத்துட்டாக. அக்காகிட்ட மட்டும் சொல்லிறாதடான்னு எங்கிட்டச் சத்தியம் வாங்கினாரு. என்னய என்ன செய்யச் சொல்றிய?"

உறைக்கிறவரை வை என்று எழுதினவள் நான். உனக்கு உறைக்கவே இல்லை. நீயும் வைத்துக்கொண்டே இருந்திருக்கிறாய். உன் கால் வேகும்போது நீ என் கடிதத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருப்பாய் என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

இன்று காலை முத்துசுவாமியைக் கூட்டிக்கொண்டு இங்குள்ள டாக்டரிடம் போனேன். யார் இந்த வைத்தியம் சொன்னது என்று கேட்டார். நான்தான், கட்டின நெய் மாதிரி சூட்டில் இளகும் என்று நினைத்தேன் என்றேன். அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. "அம்மா, கட்டின நெய் இல்லை இது, குழாயின் சுவரே தடித்துப்போகிறது. சூட்டில் இளகாது. ரத்தம் போகாத காலுக்குச் சூடும் தெரியாது, புண்ணும் ஆறாது" என்றார். நடப்பதால்தான் பக்கத்துச் சின்னக் குழாய்கள் வேலைக்கு வருமாம். நான் படு என்று எழுதினேன்.

அவர் என் கையிலும் பட்டையைச் சுற்றி ரத்தக்கொதிப்புப் பார்த்தார். நிறைய இருக்கிறதாம். இப்போது மலையேறக் கூடாது என்றுவிட்டார்; இல்லாவிட்டால் மண் சரிவாவது மழையாவது, நான் உன் கட்டிலருகே இருப்பேன். வீட்டில் இனி ஆளுக்கு ஒரு ஸ்பூன் நெய்தான். முத்துசுவாமியின் சட்டையை மோந்து பார்த்தேன். அவனுக்கும் அந்தப் பழக்கம் தொடங்கியிருக்கிறது. முதல் கிளாஸ் வாங்கினவன் என்று பார்க்கவில்லை, கன்னத்தில் ஒன்று கொடுத்துவிட்டு உன் காலைப் பற்றிச் சொன்னேன். சிகரெட் பெட்டியை என் கையில் கொடுத்துவிட்டான்.

நீ சிகரெட்டைத் தொடுவதில்லை, வாயில் ஏலக்காய் போட்டுக்கொள்கிறாய் என்று சின்னமுத்து சொன்னான். அது ஒன்றுதான் நேற்று என் காதில் விழுந்த நல்ல வார்த்தை.

அம்பி, நான் மனம் நோவேன் என்று நீ பொய் எழுதினாய். சின்னமுத்துமேல் கோபப்படாதே. இனி வலித்தால் வலிக்கிறது என்று எழுது. நான் வைத்தியம் எழுதமாட்டேன். டாக்டர் சொன்னதையே செய்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். புண் ஆறி நீ எழுந்து நிற்கிற அன்று போடியில் ஒரு ஸ்டூடியோவுக்குப் போய்ப் புதிதாக ஒரு போட்டோ எடுத்துக்கொள். நாற்காலியில் உட்கார்ந்து இடுப்புவரை எடுத்து என்னை ஏமாற்றாதே. நிற்க வேண்டும். வேட்டியைத் தூக்கிக் கட்டி, செருப்பில்லாமல், இரண்டு பாதமும் தெரிய. நான் செய்ததை நான் பார்க்கவேண்டும். நீ நிற்பதையும் பார்க்கவேண்டும். தபாலில் போடு.

அக்கா
பர்வதம்