பைய என்று சொன்னீர்கள்

அண்ணாச்சி,

இன்று காலை என் முழங்காலில் வேப்பெண்ணெய் தடவினார்கள். அந்த வாடையோடு உங்கள் அறையும் வந்துவிட்டது. வரிசை இல்லாமல் எழுத எனக்கு வராது. அதனால் முதலிலேயே வகுத்துக்கொள்கிறேன்.

1. உங்களைத் தூக்கி உட்காரவைத்த விதம்.
2. உங்களிடம் மிஞ்சியிருந்த ஒரு சொல்.
3. அந்தச் சொல் உங்கள் மகனைக் குறித்தது என்பது.

வகுப்பில் குரல் எழும்பாததால் எனக்கு வாத்தியார் வேலை நிலைக்கவில்லை. பாளையங்கோட்டையில் நோயாளிகளின் வீடுகளுக்குப் பணிவிடைக்குப் போய்க்கொண்டிருந்தேன். பக்கவாதத்தில் விழுந்த உங்களைக் குளிப்பாட்டவும் புரட்டிப் படுக்கவைக்கவும் உங்கள் மனைவி என்னை அமர்த்தினார். மருந்து வைத்தியர் பாடு. உடம்பின் பாரம் என் பாடு. கழுத்தடியில் ஒரு கை, இடுப்பில் ஒரு கை. பிறகு உங்கள் மூச்சு அடங்கும்வரை காத்திருப்பேன். அந்தக் காத்திருப்பில்தான் என் தோள்கள் தேய்ந்தன.

பேசிப் பேசியே சேலை விற்ற வாய்க்கு ஒரே சொல்தான் மிஞ்சியது. "பைய." மெதுவாக என்கிறீர்கள் என்று நான் வேகத்தைக் குறைப்பேன். மறுபடியும், "பைய."

"இன்னும் பைய தூக்குனா பொழுது அடைஞ்சிரும், வாத்தியாரே" என்று உங்கள் மனைவி சிரிப்பார்.

ஒருநாள் நீங்கள் அழுதுகொண்டே அதைச் சொன்னீர்கள். அவர் சிரிக்கவில்லை. "பைய இல்ல வாத்தியாரே, பயலக் கூப்பிடுதாவ! கொழும்புக்குப் போனவன நெனச்சு உருகுதாவ. இவ்வளவு படிச்சும் ஒமக்கு வெளங்கலியே!"

எனக்கு வெட்கமாகிவிட்டது. கோபித்துக்கொண்டு போயிருந்த மகனுக்குத் தந்தி கொடுத்தார்கள். கப்பலேறி வந்தார்.

"நீரு தள்ளும் வே. எங்கப்பாவ நான் தூக்குதேன்" என்று ஆசையோடு ஒரே மூச்சில் தூக்கி நிமிர்த்தினார்.

"பைய" என்றீர்கள்.

"கேட்டியாலே, ஒன்னியத்தான் கூப்பிடுதாவ!" என்று உங்கள் மனைவி விம்மினார். மகன் இன்னும் இறுக்கி அணைத்தார். நான் சுவரோரம் நின்றேன். அதன்பின் நீங்கள் இருந்த நாளெல்லாம் அவரே தூக்கினார். மகனை அழைத்தபடியே போனீர்கள் என்று ஊர் சொன்னது. நானும் அதை நம்பி, போன வீடுகளிலெல்லாம் சொல்லிவந்தேன்.

இப்போது என்னையும் தூக்க ஒருவர் வருகிறார். நல்லவர், கொஞ்சம் அவசரக்காரர். காலையில் அவர் கை என் விலாவில் அழுந்தியபோது, என்னை அறியாமல் "பைய" என்றேன்.

எனக்கு மகன் கிடையாது.

மூன்றாவதாக எழுதியது தவறு, அண்ணாச்சி. உங்களுக்கு வலித்திருக்கிறது.