சாயப் பிரிவு

சேசு மரி சூசை துணை

அருப்புக்கோட்டை
5-12-1943

அன்புள்ள தம்பி இன்னாசிக்கு, அக்காள் மரியசெல்வி எழுதுவது. நானும் அப்பாவும் சுகம். உன் சுகத்துக்கு மாதாவை வேண்டிக்கொள்கிறோம்.

மதராஸிலிருந்து உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு வந்ததும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஆனர்ஸ் கடைசி வருஷத்துக்கு ரசாயனத்தில் ஒரு பிரிவைத் தேர்ந்தெடுக்க வேண்டும், சாயப் பிரிவா பகுப்பாய்வா என்று தீர்மானிக்க முடியவில்லை என்று எழுதியிருந்தாய். பகுப்பாய்வு என்றால் என்னவென்று அப்பா கேட்டார். ஒரு பொருளில் என்னென்ன கலந்திருக்கிறது, எவ்வளவு கலந்திருக்கிறது என்று பார்ப்பது என்றேன். "கலந்து கெடக்கிறதத் தோண்டிப் பாத்து என்ன செய்யப் போறான்? சாயத்தையே எடுக்கச் சொல்லு" என்றார்.

அவர் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சாயப் பட்டறை முதலாளி பூமிநாதன், "உம் மகன் படிச்சு முடிச்சா நேரா இங்கதான் வரணும், சவரியப்பா. கெமிஸ்டுன்னு போர்டு எழுதி தனி ரூமு கட்டிக் குடுக்கேன்" என்று எல்லார் முன்னாலும் சொன்னாராம். இன்று பூசை முடிந்து கோயிலிலிருந்து வீடு வருவதற்குள் அப்பா அதை ஐந்து பேரிடம் சொல்லிவிட்டார். இருபத்திரண்டு வருஷமாக அந்தத் தொட்டியோரம் நிற்கிறார். நேற்று வந்த பயல்கள்கூட 'ஏலே சவரி' என்றுதான் கூப்பிடுகிறார்கள். "அவன் வந்து அந்த ரூமுல உக்காந்தா எவன் என்னைய ஏலேம்பான்?" என்கிறார்.

பட்டறையில் இப்போது சிவப்பும் நீலமும் இல்லை. சண்டை வந்து ஜெர்மனிச் சாயம் நின்றுபோனதிலிருந்து பட்டாளத்துக்குக் காக்கிதான். மழை இந்த வருஷமும் ஏமாற்றிவிட்டது. திருச்சுழிப் பக்கம் கம்பு கதிர் வாங்காமலே கருகிவிட்டதாம். அம்மா இருந்திருந்தால் இந்த விலைவாசியைப் பார்த்து மலைத்திருப்பாள்.

அப்பாவின் கையில் சிறிய புண் இருக்கிறது. எழுத வேண்டாம் என்றார். நீ கேட்டு எழுதாதே.

உன் அக்காள்
மரியசெல்வி


23-1-1944

அன்புள்ள தம்பிக்கு,

இதை அப்பாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். சாயப் பிரிவுக்குப் பெயர் கொடுத்துவிட்டதாக நீ எழுதிய கடிதத்தை மதுரையில் மிஷன் ஆஸ்பத்திரியில், அவர் கட்டிலருகில் உட்கார்ந்து வாசித்தேன். பயப்படாதே. இப்போது வீட்டுக்கு வந்துவிட்டார்.

கிறிஸ்துமஸ் அன்று மத்தியானம் இலை போட்டுச் சோறு வைத்தேன். அப்பா பிசையவில்லை. கையில் சுற்றியிருந்த துணியை நான்தான் அவிழ்த்தேன். விரல்களில் ஐந்து குழிகள். சோளத்தைப் பதித்து எடுத்தது போல வட்டமாக, ஆழமாக இருந்தன. ஒன்றில் எலும்பு தெரிந்தது. நான் கத்திவிட்டேன். அவர், "வலிக்கலையே ஆத்தா, நீ ஏன் அழுற?" என்றார். வலிக்காததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பெட்ரோல் கிடைக்காமல் கரிவாயுவில் ஓடும் பஸ்ஸில் மதுரைக்குக் கூட்டிப் போனேன். காரியாபட்டி தாண்டியதும் நின்றுவிட்டது. எல்லாரும் இறங்கித் தள்ளினார்கள். அப்பாவும் தோளைக் கொடுத்துத் தள்ளினார்.

டாக்டர் என்ன வேலை என்று கேட்டார். காக்கித் தொட்டியில் போடும் ஆரஞ்சு நிற உப்பைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுபோயிருந்தேன். பிரித்துப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. குரோமியம் சேர்ந்த உப்பாம். காக்கி வெளுக்காமல் நிற்பதே அதனால்தானாம். தோலில் ஒரு கீறல் கிடைத்தால் போதும், உள்ளே இறங்கிவிடுமாம். வலது கையில் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் எடுத்துவிட்டார்கள்.

அப்பாவோடு வேலை செய்யும் பால்ச்சாமி அண்ணனுக்கு அந்தத் தொட்டி ஆவியில் மூக்கின் நடுச்சுவர் ஓட்டையாகிவிட்டது. ஒரு பக்கம் நூலை விட்டு மறுபக்கம் இழுத்து வேடிக்கை காட்டுவாராம். பட்டறையில் எல்லாரும் சிரிப்பார்களாம். வீட்டில் சோறு தீய்ந்தாலும் வாசனை தெரிவதில்லை என்று அவர் மனைவி பிச்சையம்மாள் என்னிடம் சொல்லி அழுதாள்.

நான் முதலாளியைப் போய்ப் பார்த்தேன். தொட்டியில் நிற்பவர்களுக்கு ரப்பர் உறையாவது வாங்கிக் கொடுங்கள் என்றேன். "ரப்பர் பூராம் பட்டாளத்துக்குப் போயிருச்சும்மா. உங்க தம்பி வரட்டும். என்ன செய்யணுமோ அவுகளே வந்து சொல்லட்டும்" என்றார். அப்பாவை இனித் தொட்டிப் பக்கம் விடமாட்டாராம். நூல் கட்டு வைக்கும் கிட்டங்கியில் நிழலில் உட்கார்த்திவிடுகிறாராம். "கெமிஸ்டோட அப்பன் இனி தொட்டிக்குள்ள கைய விடலாமா?" என்று சிரித்தார். உன் பெயரை வைத்துத்தான் அப்பாவுக்கு அந்த நிழல். அதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட கையை மார்பில் வைத்துக்கொண்டு, "அவன்ட்ட சொல்லிறாத மரியா. படிப்ப மாத்திருவான்" என்றார். நான் சரி என்று தலையாட்டினேன்.

பிப்ரவரி முடியும் வரை மாற்றிக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தாயே, அந்த ஒரு வரிதான் என்னைத் தூங்கவிடவில்லை. மாற்று என்று நான் சொல்லவில்லை. மாற்றாதே என்றும் சொல்ல வாய் வரவில்லை. தெரியாமல் வந்து அந்தத் தொட்டியருகில் நின்றுவிடாதே, அவ்வளவுதான்.

மரியசெல்வி


19-3-1944

அன்புள்ள தம்பிக்கு,

இன்று சூசையப்பர் திருநாள். பூசைக்கு நான் மட்டும் போய்வந்தேன்.

நீ பகுப்பாய்வுக்கு மாறிவிட்ட செய்தியை அப்பாவுக்கு வாசித்தேன். 'அப்பாவின் விரலைத் தின்றதை வைத்து நான் பிழைக்க மாட்டேன்' என்று எழுதியிருந்த வரியை மட்டும் விட்டுவிட்டேன். விட்டும் பயனில்லை. "நீதான எழுதுன?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

மூன்றாம் நாள் யாரும் கேட்காமலே முதலாளியிடம் போய், "எம் மகன் வரலைங்க, வேற படிப்பு எடுத்துட்டான்" என்று சொல்லிவிட்டார். படிப்பு முடிய இன்னும் ஒரு வருஷம் இருக்கிறதே, அதுவரை பேசாமல் இருந்திருக்கலாமே என்று நான் கோபப்பட்டேன். "இல்லாததச் சொல்லி நிழல்ல உக்காரச் சொல்றியா?" என்றார். கிட்டங்கியில் இப்போது வேறு ஆள் இருக்கிறார். அப்பா மறுபடியும் தொட்டிக்குப் போய்விட்டார். மூன்று விரலால் கோலைப் பிடித்து, சாயத்தில் ஊறும் நூல் சிட்டத்தைப் புரட்டுகிறார். என் சம்பளம் போதும், போக வேண்டாம் என்று எவ்வளவோ கெஞ்சினேன். கேட்கவில்லை. நான் அந்தக் கடிதத்தை எழுதாமல் இருந்திருந்தால் அவர் நிழலில் இருந்திருப்பார். எழுதியதால் நீ வெளியே இருக்கிறாய். இரண்டையும் நினைத்து நினைத்துப் பார்க்கிறேன்.

உன்னைப் பற்றி அவர் பேசவே இல்லை. போன ஞாயிற்றுக்கிழமைதான் திடீரென்று கேட்டார்: "அவன் படிக்கப் போறானே, தண்ணியில என்ன கலந்திருக்குன்னும் பாப்பானா?"

பார்ப்பான் என்றேன்.

பட்டறைக்குக் கீழே, கழிவுநீர் ஓடும் வாய்க்காலை ஒட்டி ஒரு கிணறு இருக்கிறதே, அதற்கு அவரே போய் ஒரு பாட்டிலில் தண்ணீர் மொண்டு வந்தார். பால்ச்சாமி அண்ணன் வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்கு வாயைச் சுற்றிப் புண் வந்திருக்கிறது. அந்த வீட்டுக்கு அதுதான் தண்ணீர். மூடியை மெழுகுவத்தியை உருக்கி அடைத்து, துணியில் சுற்றி, "அவன்ட்ட சேத்துரு" என்று என் கையில் கொடுத்தார்.

நெசவுக்காரர் சோலைச்சாமி செவ்வாய்க்கிழமை விருதுநகரில் ரயில் ஏறி மதராஸ் வருகிறார். பாட்டிலை உன்னிடம் சேர்ப்பார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் லேசாக மஞ்சள் தெரிகிறது. எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதோ என்னவோ.

உன் வாத்தியாரிடம் காட்டிச் சீக்கிரம் பார்த்து எழுது. எது இருந்தாலும் மறைக்காமல் எழுது. நம் தெருக் கிணறு மாசி பிறந்ததுமே வற்றிவிட்டது. ஒரு மாதமாக நாங்களும் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறோம்.

மாதா உன் கண்ணுக்கும் கைக்கும் துணையாக இருப்பாளாக.

உன் அக்காள்
மரியசெல்வி