சுவருக்குள்ளிருந்து பதில் சொல்லும் குருவி

அப்பா, இப்படி எழுதுவதற்கு முதலில் மன்னித்துவிடுங்கள். நீங்கள் இருந்தபோதே பாதிப் பேச்சை விழுங்கியவள் நான். போன பிறகு மடல் எழுதுவது எனக்கே கூச்சமாக இருக்கிறது.

காலையில் திகாம் பத்து கடைவீதியில் பஸ்ஸுக்கு நின்றேன். சீன முதலாளி தவுக்கேயின் கடை மேல்மாடியில், வாலிட் குருவிகளைக் கூடு கட்ட அழைக்கும் ஒலிபெருக்கி வழக்கம்போல் கிறீச்சிட்டது. நம் கடைசிப் பேச்சு நினைவுக்கு வந்து, பஸ்ஸைத் தவறவிட்டேன்.

அயர்லாந்துக்கு மேற்கே கடலில் தனியாகக் கிடக்கும் அந்தத் தீவின் வீடியோவை உங்களுக்குக் காட்டிய ஞாயிற்றுக்கிழமை அது. பஃபின் பறவையைப் பார்த்து, "மேக்கப் போட்ட வாத்தா இது?" என்றீர்கள். பிறகு ஆளில்லாத கல்வீடுகளையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். புயல் காலத்தில் படகு வராது, வைத்தியர் கிடையாது, அதனால் எல்லாரும் கரைக்கு மாறிவிட்டார்கள் என்று சொன்னேன்.

"நம்ம பழைய தோட்டத்து லயம் மாதிரியே இருக்கு லா. அடுப்பு எங்க இருந்துச்சுன்னு தெரியுது பாரு."

நீங்கள் திரையைத் தொட்டதில் படம் நின்றுபோனது.

அந்தச் சுவர் இடுக்குகளில்தான் உள்ளங்கையில் அடங்கும் கறுப்புக் கடற்குருவி முட்டையிடுகிறது. அதன் குரல்பதிவைச் சுவரருகே ஒலிக்கவிட்டால், உள்ளே அடைகாக்கும் குருவி பதில் கொடுக்கும். அதை வைத்துக் கணக்கெடுப்பார்கள். அடுத்த வருஷக் கோடையில் அந்த வேலைக்குப் போக மனுப் போட்டிருக்கிறேன் என்றேன்.

"தவுக்கேயும் இதானே செய்யறாரு? அவரு கூட்டை எடுத்து சூப்புக்கு விப்பாரு. நீ என்னத்த எடுத்துட்டு வருவ?"

"ஒண்ணும் எடுக்க மாட்டோம்பா. எண்ணிட்டு வந்துருவோம்."

"எண்ணறதுக்கா அவ்ளோ தூரம்?"

சிரித்தீர்கள். சட்டையை மாட்டிக்கொண்டு கூலிம் ஃபேக்டரி பஸ்ஸை ஓட்டப் போய்விட்டீர்கள். அடுத்த வாரமே நெஞ்சுவலி வந்தது.

இப்போது அந்த வேலையில் இடம் கிடைத்திருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். உங்கள் முதல் திதி நான் அங்கே இருக்க வேண்டிய மாதத்தில்தான் வருகிறது. "அப்பாதான் வேணாம்னு சொல்லிட்டாரே" என்கிறார் அம்மா. அன்றைக்கு அம்மா சமையற்கட்டில் இருந்தார். நீங்கள் சொன்னதைக் கேட்டார், சிரித்ததைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். ஆனாலும் சில நாள் அம்மா சொல்வதுதான் சரியோ என்று தோன்றிவிடுகிறது. உங்கள் கண்ணும் சிரித்ததா, வாய் மட்டுமா? அந்த ஒரு முகத்தைத்தான் எங்கே போனாலும் தூக்கிக்கொண்டு அலைகிறேன்.

கேட்க வந்தது ஒன்றுதான். இவ்வளவு நேரம் சுற்றி வளைத்தேன். வெள்ளிக்கிழமைக்கு முன் கனவில் ஒருமுறை வாருங்கள். என் கனவில் வேண்டாம், எனக்கு வேண்டியபடிதான் கேட்டுக்கொள்வேன். அம்மாவின் கனவில் வந்து, அன்றைக்கு என்ன நினைத்துச் சொன்னீர்களோ அதைச் சொல்லிவிட்டுப் போங்கள்.