உன் கடைசி நான்கு பக்கங்கள்

என் செல்லக் குட்டி ஜெசிந்தா,

அங்கே உனக்குக் குளிராமல் இருக்கட்டும். இங்கே குன்னூரில் மூன்று நாளாக மூடுபனி. வகுப்பில் கடைசி பெஞ்சுப் பிள்ளைகளின் முகமே தெரியவில்லை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், உன்மேல் எனக்குப் பொறாமை. செத்துப்போன தங்கச்சிமேல் என்ன பொறாமை என்று ஊர் கேட்கும். வயிறு எரிகிறதே, என்ன செய்ய?

நீ வரைந்து வைத்துவிட்டுப் போன படக்கதை அச்சுக்குப் போகிறது. கடலுக்கடியில் தூங்கும் பயங்கரத் தெய்வங்களைப் பற்றிய பழைய வெள்ளைக்காரக் கதைகளைப் படித்து, உனக்குத் தமிழில் சொன்னவள் நான். கவ்வாத்து வெட்டி இடுப்புயரத்தில் நிறுத்தாவிட்டால் தேயிலைச் செடி மரமாகிவிடும் என்று அப்பா நம் இருவருக்கும்தான் சொன்னார். நான் பரீட்சைத்தாள் திருத்தப் போய்விட்டேன். நீ பந்தலூர் தேயிலை பாக்டரி ஆபீசில் உட்கார்ந்துகொண்டு, கவ்வாத்துக் கத்தியே படாத ஒரு எஸ்டேட்டை வரைந்தாய். மரமாகிப்போன தேயிலை, அதன் வேர்களுக்கடியில் மலையாகவே தூங்கும் என்னவோ ஒன்று. அது எப்படி உனக்கு மட்டும் தோன்றியது?

கடைசி நான்கு பக்கங்களில் மலை தூக்கத்தில் புரண்டு படுக்கிறது. அடுத்த படத்தில் தொழிலாளிகளின் லயன் வீடுகள் இல்லை. அங்கே நீ ஒரு எழுத்துக்கூட எழுதவில்லை.

பதிப்பகத்து அம்மா கோயம்புத்தூரிலிருந்து போன் செய்தார். "பாவம், முடிக்கறதுக்குள்ள போயிட்டாங்க போலிருக்குங்க. நீங்க வசனம் எழுதிக் குடுங்க டீச்சர். அட்டையில உங்க பேரும் போட்டுடலாங்க."

சரி என்றேன். எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? என் வசனத்தில் மலை பேசியது, சபித்தது, பழிவாங்கக் காரணம் சொன்னது. நன்றாகவே எழுதியிருந்தேன், சத்தியமாக.

படத்தில் ஒட்டிப் பார்த்தேன். பயம் போய்விட்டது. வாய் திறந்ததும் உன் மலை எங்கள் ஹெட்மாஸ்டர் மாதிரி ஆகிவிட்டது.

ஆனால் அது பேசக்கூடாது என்று எனக்கு முன்பே தெரியும், ஜெசி. ஆஸ்பத்திரியில் உன்னிடம் கேட்டேனே, "ஏண்டி, அந்த மலை கோவத்துல ஏதாச்சும் பேச வேண்டாமா?" என்று. "கோவப்படோணும்னா நாம இருக்கறது அதுக்குத் தெரியோணுமேக்கா," என்றாய். அந்தப் பழைய கதைகளின் உயிரே அதுதான், நம்மை வெறுக்கக்கூட அங்கே ஆளில்லை. படித்தவள் நான், புரிந்துகொண்டவள் நீ. அந்தப் பக்கங்கள் வசனமில்லாமலே முடிந்துதான் இருக்கின்றன என்று அந்த அம்மாவிடம் நான் சொல்லவில்லை. அட்டையில் என் பேரும் வருமே என்ற ஆசை.

இன்று வசனத்தாள்களை அடுப்பில் போட்டுவிட்டேன். அழுதேன். பாதி உனக்காக, பாதி அந்த வசனங்களுக்காக.

நாளைக் காலையில் போன் செய்து உண்மையைச் சொல்லிவிடுவேன். அட்டையில் உன் பேர் மட்டும். பொறாமை தீரவில்லை, தீரும் என்றும் தோன்றவில்லை. ஆனால் உன் மலை பேசாது. நான் பார்த்துக்கொள்கிறேன்.

வயிற்றெரிச்சலோடு,
உன் கூடப்பிறந்தவள்,
ஸ்டெல்லா அக்கா