ஒரே பேரில் இரண்டு ஈயம்

என் அருமை அக்காவுக்கு, எதைப் பார்த்தாலும் ஏன், எப்படி என்று கேட்டே என் உயிரை வாங்கின என் கூடப்பிறந்தவளுக்கு,

"தெரியுமா புள்ள?" என்று நீ ஆரம்பித்தாலே நான் அடுக்களையை விட்டு ஓடுவேன். பெருங்காயம் காபூல் பக்கத்துச் செடி ஒன்றின் வேர்ப்பால் என்பாய். தபால் பொட்டலத்தில் வைக்கிற அரக்கு, பூச்சி கக்கியது என்பாய். தீக்குச்சி சுவரில் உரசினால் ஏன் பிடிப்பதில்லை என்று கேட்டுவிட்டு, மருந்தைப் பாதி குச்சியிலும் பாதி பெட்டியிலுமாகப் பிரித்து வைத்திருக்கிறான் என்று பதிலையும் நீயே சொல்வாய். "இம்புட்டுத் தெரிஞ்சு என்னத்த செய்யப்போற, கலெக்டராவா ஆகப்போற?" என்று நான் கேலி பண்ணுவேன். இன்றைக்கு உனக்குத் தெரியாத ஒன்றை நான் சொல்ல வந்திருக்கிறேன்.

முதலில் ஊர் சேதி. சண்டை முடிந்துவிட்டது. வெள்ளைக்காரனும் போய்விட்டான், பள்ளிக்கூடத்தில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்தார்கள். அரிசிக்கு மட்டும் இன்னும் வரிசைதான். புகை கக்கிக்கொண்டு வந்த கரி பஸ் போய், பெட்ரோல் பஸ் வந்திருக்கிறது. மழை இந்த வருஷமும் நம்ம திருச்சுழிப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. உன் மகள் சாராளுக்குப் பன்னிரண்டு வயசு. வீட்டில் உலை வைப்பது அவள்தான்.

உன் ரசச் சொம்பைப் பற்றித்தான் பேச வந்தேன், அக்கா. பழைய சொம்பைத் தண்ணீர் ஊற்றாமல் அடுப்பில் வைத்துவிட்டு நீ பக்கத்து வீட்டில் பேசப் போனாய். திரும்பி வந்தால் ஈயம் உருகி அடுப்புக்குள் ஓடிக் கிடந்தது. மலாயாவை ஜப்பான்காரன் பிடித்த புதிது அது. அங்கிருந்து ஈயமே வரவில்லை என்று பாத்திரக்கடையெல்லாம் கையை விரித்த நேரம். எவனோ ஒரு தெரு வியாபாரியிடம் அருப்புக்கோட்டைச் சந்தையில் நீ புதுச்சொம்பு வாங்கி வந்தாய். "தூக்கிப் பாரு புள்ள, என்னா கனம்! நயம் ஈயம்" என்று என் கையில் கொடுத்தாய். நானும் தூக்கிப் பார்த்து, ஆமாம் என்றேன்.

அந்தச் சொம்பில் வைத்த ரசத்துக்கு லேசாக ஒரு தித்திப்பு இருந்தது. "ரசத்துல கல்கண்டா போட்ட?" என்று அத்தான் கேட்பார், இன்னொரு கரண்டி ஊற்றச் சொல்வார். உன் கைராசி என்று எல்லாரும் மெச்சினோம். நீ அதற்கும் ஒரு காரணம் தேடினாய், அக்கா. புளி புதுப்புளி என்றாய்.

பிறகு உனக்கு வயிற்றுவலி வந்தது. காய்ச்சல் கிடையாது, வாந்திபேதி கிடையாது. குடலைப் பிடித்துப் பிழிகிற மாதிரி வலி. முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது. வயிற்றில் தரித்ததும் தங்கவில்லை. கடைசியில் மணிக்கட்டு தொங்கிப்போய், அம்மிக் குழவியைக்கூட உன்னால் பிடிக்க முடியவில்லை. வைத்தியர் சூடு என்றார். தெருக்காரர்கள் அவரவர் வாய்க்கு வந்ததைச் சொன்னார்கள்.

அப்புறம்தான் யாரோ "மருந்து வச்சிருப்பாக" என்று கிளப்பிவிட்டது. போதகருக்குத் தெரியாமல் உன்னை வண்டியில் போட்டு, சோற்றில் வைத்த செய்வினை மருந்தை எடுக்கிறவனிடம் கூட்டிப் போனோம். அவன் உன் வயிற்றில் குழலை வைத்து உறிஞ்சி, மயிரும் சாம்பலுமாக ஓர் உருண்டையைத் துப்பிக் காட்டினான். "வீட்டுக்குள்ள பொழங்குற பொம்பளதான்" என்றான். நான் வந்துபோகிறவள்; வீட்டுக்குள் புழங்கியது நீயும் உன் ஓரகத்தி பாக்கியமும்தான். போதாதா? அன்று சாயங்காலமே உன் கொழுந்தன் தன் பெண்டாட்டியைத் தலைமயிரைப் பிடித்து வாசலுக்கு இழுத்தான்.

அவள் போகவில்லை. வாசலிலேயே கிடந்தாள், காலையில் கஞ்சி காய்ச்சிக்கொண்டு உன் பாயருகில் வந்தாள். "ஒரு வாய் குடி, அக்கா" என்றாள். நீ உதட்டை இறுக்கிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினாய். "நீ வச்சதே போதும்" என்றாய். அதற்குப் பிறகுதான் அவள் தன் துணிகளை எடுத்துக்கொண்டு தாய்வீடு போனாள். அந்த வாரமே உனக்குக் கைகால் இழுப்பு வந்து, நீ எங்களை விட்டுப் போய்விட்டாய்.

போன மாசம் சாராள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். உன் வலியேதான், அக்கா, அச்சு அசலாக அதே வலி. தெருவில் திரும்பவும் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். "வீட்டுல இப்ப எவ இருக்கா மருந்து வைக்க? உங்க வாயில புண்ணு வர" என்று கத்திவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மதுரை பஸ்ஸில் ஏறினேன்.

அங்கே ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா. சாராளின் மேலுதட்டைத் தூக்கிப் பார்த்தாள். பல் முளைக்கிற ஈறு ஓரத்தில் நீலமும் கறுப்புமாக ஒரு கோடு. நீ சாகக் கிடந்தபோது உன் ஈறிலும் அது இருந்தது. வெற்றிலைக் கறை என்று நான் துணியால் துடைத்தேன், போகவில்லை. "எதில் சமைக்கிறீர்கள்?" என்று கேட்டாள். மண்சட்டி, பித்தளை, ரசத்துக்கு ஈயச்சொம்பு என்றேன். "அதைக் கொண்டு வாருங்கள்" என்றாள்.

உன் கைபட்டது என்று அத்தான் பரண்மேல் எடுத்து வைத்திருந்த சொம்பு அது. அம்மா சொம்பு வேண்டும் என்று சாராள்தான் அடம்பிடித்து இறக்கியிருக்கிறாள். மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். டாக்டரம்மா வெள்ளைத்தாளில் அதன் விளிம்பை இழுத்தாள். பென்சிலால் போட்ட மாதிரி கோடு விழுந்தது. "இது ரசம் வைக்கிற வெள்ளீயம் இல்லை, காரீயம். புளி பட்டால் கரையும், கரைந்தால் தித்திக்கும். விஷம்" என்றாள்.

நமக்கு வெள்ளீயமும் ஈயம்தான், காரீயமும் ஈயம்தான். ஒரே பேரைச் சொல்லி விற்றான், நாமும் வாங்கினோம். கனத்தை நயம் என்று நினைத்தாயே, கனம்தான் அதன் குற்றமாம். காரீயத்துக்குத்தான் கனம் அதிகமாம்.

"எல்லாரும்தானே ரசம் குடிச்சோம், எங்க அக்கா மட்டும் ஏன் செத்தா?" என்று கேட்டேன். அந்த அம்மாள், "உங்கள் வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறது யார்?" என்றாள்.

ரேஷன் அரிசியில் ஆம்பளைகளுக்கும் பிள்ளைக்கும் சோறு போட்டுவிட்டு, ராத்திரி முழுக்கச் சொம்பிலேயே ஊறிக் கிடந்த மிச்ச ரசத்தைக் காலையில் கம்பங்கஞ்சியில் ஊற்றிக் குடித்தவள் நீதானே. கீழே தங்கினதெல்லாம் உனக்கு. இப்போது உன் இடத்தில் சாராள். அவள் பிழைத்துக்கொள்வாள் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டாள், நீ கலங்காதே.

சொம்பைத் திரும்ப வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து விளிம்பைக் காதோரம் வைத்து வளைத்தேன். நல்ல ஈயத்தை வளைத்தால் நெறுநெறுவென்று அழும் என்று நீதானே சொன்னாய்? இது அழவே இல்லை. சத்தமில்லாமல் மடங்கியது. உனக்குத் தெரிந்திருந்த சங்கதிதான், அக்கா! ஆனால் புதுச்சொம்பை எவள் வளைத்துப் பார்ப்பாள்? உலக்கையால் அதை நசுக்கித் தட்டையாக்கினேன். அத்தான் தடுக்கவில்லை, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் பாக்கியத்தின் தாய்வீட்டைத் தேடிப் பாளையம்பட்டிக்குப் போனேன். அவள் இராட்டையில் நெசவு நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக்கொண்டிருந்தாள். உன் கொழுந்தன் இதுவரை அவள் வாசலை மிதித்ததில்லை. நான் சொல்லி முடிக்கும்வரை அவள் இராட்டையை நிறுத்தவே இல்லை.

"எனக்கும்தான் அப்ப வகுறு வலிச்சுச்சு. சொன்னா நடிப்புன்னுவீக. இங்க வந்தப்புறம் நின்னுபோச்சு" என்றாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அப்ப, தொரத்திவிட்டு என் உசிரக் காப்பாத்திட்டீக. கும்புடணுமாக்கும்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. "அத்தானையும் உன் வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாரேன், இந்த வாசல்ல வச்சே சொல்லச் சொல்றேன். கோயில்லயும் எல்லாரு முன்னாடியும் சொல்லச் சொல்றேன், பாக்கியம்" என்றேன்.

"ஊரு என்னமும் பேசட்டும், எஸ்தரு. ஊருக்காக நான் ஒருநாளும் அழுகல. உங்க அக்கா சாகுறப்ப என்னையக் கொலகாரின்னு நெனச்சுக்கிட்டே செத்தா. அவகிட்டப் போயிச் சொல்லு. சொல்லிட்டு வா, அப்புறம் பாப்போம்."

"செத்தவுககிட்ட எப்படிச் சொல்றது?"

"அது உங்க பாடு" என்று அவள் திரும்பிக்கொண்டாள்.

அதனால்தான் எழுதுகிறேன், அக்கா. எனக்கு வேறு வழி தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை விட்டதும் உன் கல்லறை முன்னால் நின்று இதை உரக்கப் படிப்பேன். சண்டைக் காலத்தில் சந்தையில் சொம்பு வாங்கியவர்கள் எல்லாரும் நின்று கேட்கட்டும், வீட்டுக்குப் போய் வெள்ளைத்தாளில் இழுத்துப் பார்க்கட்டும். படித்து முடித்ததும் பாளையம்பட்டிக்கு பஸ் ஏறுவேன், சொல்லிவிட்டேன் என்று பாக்கியத்திடம் சொல்வேன். இது சத்தியம். நீ கேட்டாயா என்று அவள் கேட்டால் என்ன சொல்லட்டும்?

பாக்கியம் உனக்கு ஒன்றும் வைக்கவில்லை, அக்கா. அவள் கொண்டுவந்தது வெறும் கஞ்சிதான்.

உன் முதுகுக்குப் பின்னால் பிறந்த தங்கச்சி,
எஸ்தர்